‘வாங்க’ என்றால் சம்மதமா?

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். முன்வரிசை ஆயாமார், தாத்தாமார், பின்னால் நிற்கிற தம்பி தங்கைகள், எல்லாரும் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

இருபது வருஷத்துக்கு மேல் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். நம் ஆட்கள் தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வது, வக்கீல் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் கேட்பது. நான் சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் அத்தனை வருஷம் காது கொடுத்துக் கேட்டதில் சில விஷயங்கள் மனதில் தங்கிவிட்டன. அதில் ஒன்று இது.

ஒரு ஆயா சாட்சிக் கூண்டில் நிற்கிறார். எழுபதைத் தாண்டியவர். அவர் வீட்டுக்குள் போலீஸ் வாரண்ட் இல்லாமல் போய், பேரன் படுக்கிற அறையிலிருந்து ஒரு பையை எடுத்துப் போயிருக்கிறது. அந்தச் சோதனை சட்டப்படி நடந்ததா என்று பார்க்க மட்டும் தனி விசாரணை. வக்கீல் கேட்கிறார்: “போலீஸ் உள்ளே வர நீங்கள் சம்மதம் கொடுத்தீர்களா?” நான் தமிழில் கேட்டேன். ஆயா சொன்னார்: “வாசல்ல வந்து நின்னாங்க. வாங்கன்னு சொன்னேன்.”

சொன்னதைச் சொல்வதுதான் என் வேலை. சொன்னேன். ஆங்கிலத்தில் அது ‘உள்ளே வாருங்கள் என்று அழைத்தேன்’ என்று ஆகிவிட்டது. அரசுத் தரப்பு வக்கீல் உடனே குனிந்து எழுதிக்கொண்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி கேட்டு, இந்தச் சொல்லைப் பற்றி ஒரு விளக்கம் சொல்ல வேண்டும் என்றேன். நம் வீடுகளில் வாசலுக்கு வந்த யாரையும் வாங்க என்றுதான் சொல்வோம். கடன் கேட்டு வந்தவனுக்கும் வாங்க, பத்து வருஷம் பேச்சு வார்த்தை இல்லாத சம்பந்திக்கும் வாங்க. அது மரியாதை, அனுமதி இல்லை என்று சொன்னேன். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆயாவைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: “வேண்டாம் என்று சொல்லலாம் என்பது உங்களுக்குத் தெரியுமா?”

ஆயா என்னைத்தான் பார்த்தார். “போலீஸைப் போய் வேண்டாம்னு சொல்ல முடியுமாம்மா?”

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். முடியும் ஆயா. எல்லா நேரமும் இல்லை, ஆனால் நாம் நினைப்பதைவிட அதிக நேரம் முடியும்.

1996இன் நம் அரசியலமைப்புச் சட்டத்தில் 14ஆம் பிரிவு என்ன சொல்கிறது? ஒவ்வொருவருக்கும் அந்தரங்க உரிமை உண்டு. உடம்பையோ வீட்டையோ சோதிக்காமல் இருக்கும் உரிமையும், பொருளைப் பறித்துக்கொள்ளாமல் இருக்கும் உரிமையும் அதில் சேர்த்தி. ஒவ்வொருவருக்கும் என்றால் குடியுரிமை உள்ளவருக்கு மட்டும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து பின்பக்க அறையில் வாடகைக்கு இருக்கிற தம்பிக்கும்தான். அந்த ஒற்றை அறை அவர் வீடு.

சரி, அப்படியானால் போலீஸ் எப்படி உள்ளே வரும்? நேரான வழி வாரண்ட். மாஜிஸ்திரேட்டோ, ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்ற அதிகாரம் உள்ளவரோ கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற காகிதம். இரவிலும் செய்யலாம் என்று அதில் எழுதியிருந்தால் ஒழிய, பகலில்தான் சோதனை. உங்களைப் பாதிக்கிற வாரண்டின் நகலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. இதெல்லாம் 1977இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 21ஆம் பிரிவு.

அடுத்தது 22. வாரண்ட் இல்லாமல் வருவது பற்றியது இதுதான். இங்கே இரண்டு கதவுதான் திறக்கும்.

முதல் கதவை நாமே திறக்கிறோம், சம்மதம் கொடுத்து. உங்கள் சம்மதம் இருந்தால் வாரண்ட் வேண்டியதே இல்லை. அதனால்தான் போலீஸ் வாசலில் நின்று, “சும்மா ஒரு பார்வை பார்த்துட்டுப் போறோம்” என்று கேட்கிறது. சம்மதம் என்றால் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிந்து, மறுக்கலாம் என்றும் தெரிந்து, மனசார ஒத்துக்கொள்வது. பயத்தில் ஒதுங்கி வழி விடுவது சம்மதம் ஆகாது. ஆனால் ஒதுங்கி நின்றதற்கு என்ன காரணம் என்று நாலு மாதம் கழித்துக் கோர்ட்டில் விளக்குவது எவ்வளவு கஷ்டம் என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். அன்றைக்கே வாயைத் திறந்து, “நான் சம்மதிக்கவில்லை” என்று சொல்லிவிடுவது சுலபம்.

இரண்டாவது கதவு அவசரம். சோதனை செய்ய வந்த அதிகாரி இரண்டு விஷயங்களை நம்ப வேண்டும், நம்புவதற்கு நியாயமான காரணமும் இருக்க வேண்டும். ஒன்று, போய்க் கேட்டால் வாரண்ட் கிடைக்கும். இன்னொன்று, அதற்குள் காரியம் கெட்டுவிடும். இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும், ஒன்று போதாது. திருட்டு டிவிகளைக் கராஜிலிருந்து இப்போதே வண்டியில் ஏற்றுகிறார்கள் என்று எதிர்வீட்டுக்காரர் போன் செய்கிறார் என்று வையுங்கள். வாரண்ட் வாங்கி வருவதற்குள் கராஜ் காலி. அங்கே போலீஸ் நுழையலாம். அதே தகவல் திங்கட்கிழமை வந்து, வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து தட்டினால்? நாலு நாள் மாஜிஸ்திரேட் எங்கே போயிருந்தார் என்று கோர்ட்டில் கேட்பார்கள். கேட்டிருக்கிறார்கள், நானே மொழிபெயர்த்திருக்கிறேன்.

சாட்சி விசாரிக்க வருகிறோம் என்று சொல்லி உள்ளே வந்து உட்கார்வதும் உண்டு. குற்றம் பற்றித் தகவல் தெரிந்தவரை விசாரிக்க ஒரு இடத்துக்குள் நுழையலாம் என்று 26ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த இடம் குடியிருக்கிற வீடு என்றால் வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் நுழையக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. கேட்டுக்கு வெளியே நின்றே பதில் சொல்லலாம்.

கைது வேறு. பிடிக்க வேண்டிய ஆள் உள்ளே இருக்கிறான் என்று தெரிந்தாலோ நியாயமாகச் சந்தேகித்தாலோ, கைது செய்ய அதிகாரம் உள்ளவர் கதவை உடைத்துக்கூட நுழையலாம். ஆனால் முதலில் காதில் விழும்படி கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும், எதற்கு வந்தோம் என்றும் சொல்ல வேண்டும். சோதனைக்கும் இதே விதிதான், கேட்டுக்கொண்டு நிற்கிற நேரத்தில் தேடுகிற பொருளை அழித்துவிடுவார்கள் என்று நியாயமாக நினைத்தால் மட்டும் விலக்கு.

உள்ளே வந்த பிறகும் ஒழுங்கு உண்டு. சோதனை முறையாக, நாகரிகமாக நடக்க வேண்டும் என்று 29ஆம் பிரிவு சொல்கிறது. பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். என் பெரியப்பா வீட்டுக்கு ஒரு ராத்திரி வந்தார்கள். எந்த ஸ்டேஷன் என்று இங்கே சொல்லப் போவதில்லை. அரிசி டிரம்மைக் கவிழ்த்தார்கள். பெரியம்மாவின் புடவைகளை ஒவ்வொன்றாக உதறித் தரையில் போட்டார்கள். சாமி ரூமில் பூட்ஸ் காலோடு ஏறியதில் குத்துவிளக்கு சாய்ந்து எண்ணெய் முழுவதும் அந்தப் புடவைகள் மேல் ஓடியது. அவர்கள் தேடிய வீடு அடுத்த ரோட்டில். நம்பர் ஒன்றுதான், ரோடு வேறு. மன்னிப்புக்கூடக் கேட்காமல் போனார்கள். பெரியப்பா அன்றைக்குச் சொன்னதும் வாங்க சார்தான். அந்தக் கல்யாணப் புடவையில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. பெரியம்மா அதைத் தூக்கிப் போடவும் இல்லை.

போன பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் இதில் நல்லது நடந்திருக்கிறது. 1992இன் போதைப்பொருள் சட்டத்தில் ஒரு பிரிவு, சந்தேகம் வந்தால் போதும், எந்த நேரமும் எந்த இடத்தையும் வாரண்ட் இல்லாமல் சோதிக்கலாம் என்று விட்டிருந்தது. 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அவசரம் என்றால் 22ஆம் பிரிவு இருக்கிறதே, எல்லையில்லாத அதிகாரம் எதற்கு என்பதுதான் நியாயம். அப்புறம் 2021 அக்டோபரில் இன்னொரு தீர்ப்பு. ஜோகன்னஸ்பர்க் நகர நடுவில் 11 கட்டடங்களில், ஏழைகள் குடியிருந்த அறைகளுக்குள், 2017, 2018இல் திரும்பத் திரும்ப ரெய்டு நடந்தது. ஏரியாவைச் சுற்றி வளைக்க உத்தரவு இருக்கிறது என்று சொல்லி வீடு வீடாகப் புகுந்தார்கள். போலீஸ் சேவைச் சட்டத்தில் தனியார் வீட்டுக்குள் அப்படி நுழைய இடம் கொடுத்த பகுதி செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரோட்டை மறிக்கலாம், வண்டியை நிறுத்தலாம். வளைத்துவிட்டோம் என்பதற்காக உங்கள் படுக்கையறைக்குள் வர முடியாது.

நமக்கு இது புதுக் கதை இல்லை. 1906இல், ஜோகன்னஸ்பர்க் இருக்கிற டிரான்ஸ்வால் பகுதியில் கொண்டுவந்த ஆசியர் பதிவு மசோதாவில், சான்றிதழைப் பார்க்கப் போலீஸ் வீட்டுக்குள் நுழையலாம் என்று ஒரு விதி இருந்தது. விரல் ரேகை எடுத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, வீட்டுக்குள் நுழைகிற விதியை மறந்துவிட்டோம். பெண்கள் இருக்கிற வீட்டுக்குள் இவர்கள் எப்படி வரலாம் என்ற கோபமும் சேர்ந்துதான் அந்தச் செப்டம்பர் 11ஆம் தேதி எதிர்ப்புக் கூட்டத்துக்கு ஜோகன்னஸ்பர்க்கின் எம்பயர் தியேட்டர் நிறைந்தது. காந்தியோடு நின்ற தம்பி நாயுடுவும் மற்ற தமிழர்களும் சிறைக்குப் போனது காகிதத்துக்காக மட்டும் இல்லை, வாசலுக்காகவும்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, கதவைப் போலீஸுக்குத் திறந்துவிட வேண்டிய நேரத்தையும் சொல்லாமல் போனால் நான் பாவி. பக்கத்து வீட்டில் அடிக்கிற சத்தம். கூப்பிட்டால் போலீஸ் வருகிறது. வாசலில் மாமியார் நின்று, “இது எங்க வீட்டு விஷயம், நீங்க போங்க” என்கிறார். உள்ளே ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறாள். குடும்ப வன்முறைச் சட்டத்தை 2021இல் திருத்தி, 2023 ஏப்ரல் 14 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். உடம்பில் கை வைத்த வன்முறை என்று நியாயமான சந்தேகம் இருந்தால், போலீஸ் வாரண்ட் இல்லாமல் உள்ளே வரலாம். குரல் கொடுத்தும் திறக்கவில்லை என்றால் கதவையோ ஜன்னலையோ உடைக்கலாம். அடித்தவனை அங்கேயே கைது செய்யலாம். அந்த இடத்தில் அரசியலமைப்பைக் காட்டி வாசலை அடைக்காதீர்கள். உள்ளே கிடக்கிறவளுக்கும் அதே வீடுதான் வீடு. குழந்தை, முதியவர், ஊனமுற்றவர் அடிபடுகிறார் என்று தெரிந்தால், வயது வந்தவர் யாராக இருந்தாலும் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்று அதே சட்டம் கட்டாயப்படுத்துகிறது. வீட்டு விஷயம் என்ற வார்த்தையால் எத்தனை பெண்களைப் புதைத்துவிட்டோம் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

இனி வாசலில் நின்று என்ன செய்வது? கேட்டைப் பூட்டியபடியே பேசுங்கள். நீல விளக்கு வைத்த வண்டியில் போலீஸ் வேஷம் போட்டுக் கொள்ளையடிக்கிறவர்கள் இருக்கிற ஊர் இது, அடையாள அட்டை கேட்பது தப்பில்லை. 10111 என்ற போலீஸ் அவசர எண்ணுக்குப் போன் செய்து உறுதிப்படுத்துங்கள். போலீஸோடு வருகிற தனியார் செக்யூரிட்டிக்காரர்களுக்கு உங்கள் அலமாரியைக் குடைகிற அதிகாரம் கிடையாது. “வாரண்ட் இருக்கிறதா? எதற்காக வந்தீர்கள்?” இரண்டே கேள்வி. வாரண்ட் இல்லை, அவசரமும் இல்லை என்றால், “சம்மதம் இல்லை” என்று அமைதியாகச் சொல்லுங்கள். அதற்கு மேலும் நுழைந்தால் கையால் தடுக்காதீர்கள், தள்ளாதீர்கள். வாசல் சண்டையில் நாம் ஜெயிக்க மாட்டோம், கோர்ட்டில் ஜெயிக்கலாம். பெயர், வண்டி நம்பர், மணி, எடுத்துப் போன பொருள், எல்லாவற்றையும் அன்று ராத்திரியே எழுதி வையுங்கள். நஷ்ட ஈடு கேட்க வேண்டும் என்றால் 6 மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நம் ஆட்கள் பலர் கோட்டை விடுவது இந்த 6 மாதத்தில்தான்.

உரிமையை மீறி எடுத்த சாட்சியத்தை ஏற்றால் விசாரணை நியாயமாக இருக்காது, அல்லது நீதிக்கே கேடு என்றால், அதைத் தள்ளிவிட வேண்டும் என்று அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு சொல்கிறது. ஆயா வழக்கில் மாஜிஸ்திரேட் அதைத்தான் செய்தார். அந்தப் பையைச் சாட்சியமாக ஏற்கவில்லை. தீர்ப்பை ஆயாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டு, “அப்ப அன்னிக்கு நான் என்ன சொல்லியிருக்கணும்?” என்று கேட்டார். கோர்ட் தாழ்வாரத்திலேயே நின்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று தரம் திருப்பிச் சொன்னார்.

அதையே இங்கேயும் செய்வோம். பின்னால் நிற்கிற தம்பி, நீ போலீஸ். மேடைக்கு வந்து இந்தக் கதவைத் தட்டு. முன்வரிசையில் நீலப் புடவை ஆயா, நீங்கள் இந்த நாற்காலிக்குப் பின்னால் நில்லுங்கள், அதுதான் கேட். வாங்க என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.