சாண்ட்விச்சுக்குத் துவையல் போதும்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்தில் பிரெட் என்றாலே ரொம்பக் காலம் காய்ச்சல்காரர் சாப்பாடுதான். ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போனால் ஒரு பிரெட் பாக்கெட்டும் நாலு சாத்துக்குடியும் வாங்கிப் போவோம். நன்றாக நடமாடிக்கொண்டிருப்பவர் பிரெட் தின்றால், "என்ன, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்பார்கள். இப்போது அப்படி இல்லை. பிள்ளைகளே சாண்ட்விச் வேண்டும் என்று கேட்கிறார்கள். வீட்டில் செய்து டப்பாவில் கொடுத்துவிட்டால் மட்டும், மத்தியானம் திறக்கும்போது சொதசொதவென்று இருக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

தண்ணீர்தான் இதற்குக் காரணம். பிரெட்டுக்குள் ஈரம் போனால் அது ஊறத்தான் செய்யும். நாம் தேங்காய்ச் சட்னியைத் தடவுகிறோம், தக்காளியை நறுக்கிய கையோடு அடுக்குகிறோம், சுடச்சுட உருளைக்கிழங்கு மசாலாவை வைத்து மூடுகிறோம். மூன்றிலும் தண்ணீர் இருக்கிறது. கும்பகோணம் கடப்பா என்கிற பாசிப்பருப்புக் குருமா தொட்டுக்கொள்ள எவ்வளவு ருசியானாலும் பிரெட்டுக்குள் போகிற பண்டம் இல்லை. சாண்ட்விச்சுக்கு ஏற்றது துவையல். சோற்றில் பிசைந்து சாப்பிடக் கெட்டியாக அரைக்கிறோமே, அதே பதம்.

கொத்தமல்லித் துவையலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டு மல்லியை அலசி, தண்ணீர் வடியும்படி துணியில் பரப்பிவிடுங்கள். இதை அவசரத்தில் விட்டுவிட்டால் அப்புறம் என்ன செய்தாலும் துவையல் நீர்த்துத்தான் வரும். நாலு பச்சைமிளகாய், ஒரு துண்டு இஞ்சி, சின்ன நெல்லிக்காய் அளவு புளி, உப்பு. கூடவே ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை. அரைபடும்போது மல்லி விடும் சாற்றையெல்லாம் பொட்டுக்கடலை இழுத்துக்கொள்ளும். முதலில் கடலையையும் மிளகாயையும் பொடித்துவிட்டு, பிறகு மல்லியைச் சேர்த்தால் தண்ணீரே விடாமல் அரைக்கலாம். ஸ்பூனில் எடுத்துக் கவிழ்த்தால் விழக்கூடாது, அதுதான் பதம். டப்பாவுக்குப் போகிற துவையலில் தேங்காய் சேர்க்க வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு மத்தியானத்துக்குள் ஊசிப்போகும்.

துவையலுக்கு முன்னால் வெண்ணெய். இரண்டு துண்டுகளிலும் உள்பக்கம் மெல்லிசாக, ஓரம் வரைக்கும் தடவுங்கள். நடுவில் மட்டும் ஒரு பொட்டு வைத்தால் பயன் இல்லை. ருசிக்கு மட்டும் அல்ல வெண்ணெய். அந்தக் கொழுப்பு காயின் ஈரத்தைப் பிரெட்டுக்குள் இறங்கவிடாது. வீட்டில் கடைந்த வெண்ணெயானால் நன்றாகப் பிழிந்து மோரை எடுத்துவிட்டு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக்கொள்ளலாம்.

வெள்ளரிக்காயையும் தக்காளியையும் வட்டமாக நறுக்கி உப்புத் தூவிப் பத்து நிமிடம் வையுங்கள். உப்பு தண்ணீரை வெளியே இழுத்துவிடும். துணியில் ஒற்றி எடுத்துவிட்டு அடுக்கலாம். தக்காளியின் விதைப் பகுதியை ரசத்துக்கு எடுத்து வைத்துவிடுங்கள். டப்பாவுக்கு என்றால் நான் தக்காளியே வைக்கமாட்டேன்.

உருளைக்கிழங்குப் பொடிமாஸ் இருந்தால் இன்னும் நல்லது. கடுகு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து, கடைசியில் எலுமிச்சம்பழம் பிழிந்த பொடிமாஸ். ஆனால் ஆறவிட வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி உள்ளேயே நின்று தண்ணீராகிவிடும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. முதல் நாள் செய்த சுறாப்புட்டு கொஞ்சம் குளிர்பெட்டியில் இருந்தால் சூடாக்கி, ஆறவைத்து, பிரெட்டுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். உதிரி உதிரியாக, காரமாக, துளி ஈரம் இல்லாமல் இருக்கும். பட்டணத்துக் கடைகளில் அதற்கு ஈடாக ஒன்றை நான் சாப்பிட்டதில்லை.

மயோனைஸ் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது நினைவிருக்கும். வேகாத முட்டை, அதுவும் வெயிலில் வெளியே வைத்தது, வயிற்றைக் கெடுக்கும். புளிக்காத கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி மூன்று மணி நேரம் தொங்கவிடுங்கள். நீர் வடிந்து வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். மிளகுத்தூள், உப்பு, பிழிந்தெடுத்த கேரட் துருவல் சேர்த்தால் போதும். இதை வீட்டில் உடனே சாப்பிடுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள், டப்பாவுக்கு வேண்டாம்.

சரி, சுடுவதற்கு வருவோம். டோஸ்டர் எல்லாம் வேண்டாம், தோசைக்கல் போதும். ஆனால் தோசை வார்க்கிற சூடு பிரெட்டுக்கு ஆகாது. தோசை மாவு பச்சை, அது வேக வேண்டும். பிரெட் ஏற்கெனவே வெந்தது, மேலே சிவந்தால் போதும். அதனால் தீயைச் சிம்மில் வைத்து, வெளிப்பக்கம் நெய் தடவிப் போட்டு, மேலே ஒரு தட்டை வைத்து, அதன்மேல் தண்ணீர் நிரப்பிய செம்பை வையுங்கள். அந்தக் கனத்தில் பிரெட் கல்லோடு ஒட்டி ஒரே சீராகச் சிவக்கும். இரண்டு நிமிடத்தில் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துத் திருப்பிப் போடலாம். எடுத்ததும் தட்டில் படுக்கவைக்காதீர்கள், அடியில் வேர்த்துவிடும். இரண்டு சாண்ட்விச்சை ஒன்றோடு ஒன்று சாய்த்து நிறுத்தி, நன்றாக ஆறிய பிறகு வாழையிலையில் மடித்து டப்பாவில் வையுங்கள். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், மை ஒட்டும்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும். மேட்டூரில் தண்ணீர் விட்டுக் குறுவை வேலையும் கூடவே வந்துவிடும். காலையில் அடுப்படியில் நிற்க நேரம் இருக்காது. அந்த நாட்களுக்கு இட்லி மிளகாய்ப் பொடி இருக்கவே இருக்கிறது. நல்லெண்ணெயில் குழைத்தால் எண்ணெய் பிரெட்டில் இறங்கிவிடும், வெண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். ஐந்து நிமிட வேலை.

பிரெட்டை எங்கே வைப்பது என்று கேட்பார்கள். குளிர்பெட்டியின் சாதாரணத் தட்டில் வைத்தால் மாவுச்சத்து இறுகி, வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் வறண்டுபோகும். வெளியே வைத்தாலோ நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் பூசணம் பிடிக்கும். இரண்டு நாளில் தீராது என்று தெரிந்தால் ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். வேண்டிய துண்டுகளை எடுத்து அப்படியே கல்லில் போடலாம், மெத்தென்று வந்துவிடும். பூசணம் கண்ட பாக்கெட்டில் மட்டும் அந்தத் துண்டை எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்னலாம் என்று பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் மற்றதிலும் பரவியிருக்கும்.

சாயங்காலத்துக்கு ஒரு இனிப்பு வகையும் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பழுத்த பூவன்பழம் ஒன்று, கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை, ஒரு ஏலக்காய். பழத்தை மசிக்காமல் வில்லையாக நறுக்கி வையுங்கள், மசித்தால் நீர் விடும். நெய்யில் சுடும்போது சர்க்கரை இளகிப் பழத்தோடு ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை ஓரத்தில் வழிந்தால் சட்டென்று கருகும், பக்கத்திலேயே நில்லுங்கள். பிரெட் ஓரத்தைப் பிள்ளைகள் ஒதுக்கினால் தூக்கிப் போட வேண்டாம். வெயிலில் காயவைத்துப் பொடித்து வைத்தால் கட்லெட்டுக்கு ஆகும்.

நன்றி, வணக்கம்.