பூப்பெய்தாத மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள்

பழனி மலை நேயர்களுக்கு வணக்கம்.

பதினைந்து வயது முடிந்தும் மகளுக்கு மாதவிலக்கு வரவில்லை, சடங்கு எப்போது என்று ஊரார் கேட்கிறார்கள், "எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தாமதம்தான்" என்று சொல்லிச் சமாளிக்கிறீர்கள். அப்படிப்பட்ட வீடுகளுக்காகத்தான் பேச வந்திருக்கிறேன். இதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றில் ஆண்ட்ரோஜன் உணர்வின்மை, அதாவது ஆண் ஹார்மோனை உடல் ஏற்காத நிலை என்ற ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

பண்ணைக்காட்டுப் பக்கமிருந்து ஒரு தாய் மகளை அழைத்து வந்தார். நல்ல உயரமான பெண். மார்பு வளர்ச்சியில் ஒரு குறையும் இல்லை. முகத்தில் ஒரு பரு கிடையாது. பூம்பாறை வேலப்பருக்கு நேர்ந்துகொண்டாயிற்று, கஷாயமும் குடித்தாயிற்று. அக்குளில் முடியே இல்லை என்பதைப் பார்த்ததும், "கைக்குழந்தையாக இருந்தபோது தொடை இடுக்கில் வீக்கம் இருந்ததா?" என்று கேட்டேன். "அழும்போது இரண்டு பக்கமும் புடைக்கும் டாக்டரம்மா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "என் அக்காவும் கடைசி வரை வயதுக்கு வரவில்லை. கட்டிக்கொடுத்த வீட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்" என்றார்.

அந்த அக்காவை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. அவருக்கு என்னவென்று ஒருவரும் சொல்லவில்லை.

ஸ்கேனில் கருப்பை இல்லை. குரோமோசோம் பரிசோதனையில், வழக்கமாக ஆண்களுக்கு இருக்கும் எக்ஸ் ஒய் என்று வந்தது. இத்தகைய பெண்களுக்கு வயிற்றிலோ தொடை இடுக்கிலோ விந்தகங்கள் இருக்கும். அவை ஆண் ஹார்மோனைச் சுரக்கத்தான் செய்கின்றன. ஆனால் உடலின் செல்கள் அதை ஏற்பதில்லை. ஒலிபரப்பு வந்துகொண்டே இருந்தாலும் பெட்டி அதை வாங்காவிட்டால் உங்கள் வீட்டில் பாட்டு கேட்குமா? அதே கதைதான். அந்த ஹார்மோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறுவதால் மார்பு வளர்கிறது. விந்தகம் சுரக்கும் இன்னொரு பொருள் கருவிலேயே கருப்பை உருவாகாமல் தடுத்துவிடுகிறது. பிறப்புறுப்பு வெளியே பெண்ணுக்குரியதாகவே இருக்கும். உள்ளே யோனி குட்டையாக முடிந்துவிடும். செல்கள் ஓரளவு ஏற்கும் வகையும் உண்டு. அதில் பிறப்புறுப்பே வேறு வேறு விதமாக அமையலாம்.

"சொந்தத்தில் கட்டியதால் வந்தது" என்பார்கள். இல்லை. தாயின் எக்ஸ் குரோமோசோம் ஒன்றில் உள்ள மாற்றம் வந்தாலே போதும்; தந்தை சொந்தமா அந்நியமா என்பதற்கு இதில் இடமில்லை. மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு இல்லாமல் புதிதாகவும் வரும். தாய்மாரே, இது உங்கள் குற்றமல்ல.

மறுபடியும் அந்தத் தொடை இடுக்கு வீக்கத்துக்கு, அதாவது குடலிறக்கத்துக்கு வருகிறேன், ஏனென்றால் முதல் தடயம் அங்கேதான் கிடைக்கிறது. குடலிறக்கம் உள்ள பெண் குழந்தைகளில் நூற்றில் ஓரிருவருக்கு இது இருக்கலாம். இரண்டு பக்கமும் புடைத்தால் கட்டாயம் கேளுங்கள், "உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா டாக்டர்?" என்று.

அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாதவிலக்கு வராது, வயிற்றில் பிள்ளை தங்காது, ஆனால் நீ பெண்தான் என்றேன். நெடுநேரம் அழுதாள். பிறகு, "பெரியம்மாவிடமும் நீங்களே சொல்கிறீர்களா?" என்று கேட்டாள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சிகிச்சையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விந்தகத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு பருவ வயதுக்கு முன் மிகக் குறைவு. எனவே அவசரப்பட்டு அகற்றவேண்டாம். பின்னாளில் அகற்றினால் எலும்பு தேயாமலிருக்க ஈஸ்ட்ரோஜன் மாத்திரை வேண்டும். பிறப்புறுப்பு வேறுபாட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்கு உயிராபத்து இல்லாதபோது பாலினத்தைத் திருத்தும் அறுவை சிகிச்சை கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மற்றதை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள், மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. நன்றி, வணக்கம்.