சென்சார் சொன்ன எண், தராசு சொன்ன எடை

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் தெரிவது தக்காளி, அந்தப் பக்கம் கறிவேப்பிலை.

2024 கோடையில் இந்த ஊர் தண்ணீருக்குப் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். எங்கள் கட்டடத்துப் போர்வெல்லும் வற்றிவிட்டது. செடிக்கு ஊற்றும் ஒவ்வொரு சொம்பும் உறுத்தியது. அப்போதுதான் ஈரப்பத சென்சார் வேலையில் இறங்கினேன்.

முதலில் இங்கே மின்னணுப் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் வாங்கியது இந்த இரண்டு கால் சென்சார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மண் வழியாக மின்சாரம் எவ்வளவு எளிதாகப் போகிறது என்று அளக்கும். கிட்டத்தில் காட்டுகிறேன், பாருங்கள். ஒரு காலில் பூச்சே இல்லை. நாள் முழுக்க மின்சாரம் கொடுத்ததால் மூன்றே வாரத்தில் அரித்துவிட்டது. அரித்த உலோகம் போனது தக்காளி மண்ணுக்குள்தான், அதை என்னால் ஏற்க முடியவில்லை. உரம் போட்டு உப்பு கூடினாலும் ஈரம் கூடியதாகவே காட்டும்.

இப்போது வைத்திருப்பது கெபாசிட்டிவ் சென்சார். இதில் உலோகம் மண்ணைத் தொடாது. மின்காப்பு மாறிலி என்று ஒன்று உண்டு, ஒரு பொருள் மின்னூட்டத்தைத் தேக்க எவ்வளவு உதவும் என்று சொல்லும் எண்: காற்றுக்கு 1, காய்ந்த மண்ணுக்குச் சுமார் 4, தண்ணீருக்குச் சுமார் 80. இந்தப் பெரிய வித்தியாசத்தைத்தான் இது பிடிக்கிறது. ஈரம் கூடினால் எண் குறையும், குழம்பாதீர்கள்.

சரி, நான் சொல்ல வந்தது இதுதான். என் சென்சார் காற்றில் 2650 காட்டியது, டம்ளர் தண்ணீரில் 1150. முன்னதை 0 சதவீதம், பின்னதை 100 சதவீதம் என்று புரோகிராமில் எழுதினேன். 45 சதவீதம் என்று காட்டிய அன்றே தக்காளி இலை தொங்கிவிட்டது! கோகோபீட், அதாவது தேங்காய் நார்த்தூள், கலவையில் காற்று இடைவெளி அதிகம், செம்மண் இறுகி நிற்கும். இரண்டுக்கும் ஒரே சதவீதம் பொருந்தாது.

அதனால் தராசை எடுத்தேன். தொட்டியை நன்றாக நனைத்து, அடியில் சொட்டு நின்றதும் நிறுத்தேன்: 4 கிலோ 200 கிராம், சென்சாரில் 1420. அப்புறம் தண்ணீரே ஊற்றாமல் தினமும் காலையில் எடையையும் எண்ணையும் குறித்தேன். ஒரு கிராம் குறைந்தால் ஒரு மில்லி தண்ணீர் போயிருக்கிறது. நான்காம் நாள் 3 கிலோ 350, எண் 1850. ஐந்தாம் நாள் 3 கிலோ 100, எண் 1975, இலை தொங்கல். ஆக, இந்தத் தொட்டிக்கு 1850 வந்தால் தண்ணீர். செடி வளர்ந்து கனம் கூடும்போது மறுபடி நிறுக்க வேண்டும்.

செய்பவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். சென்சார் பலகையின் ஓரங்களில் நெயில் பாலிஷ் இரண்டு கோட் அடியுங்கள், வெட்டிய விளிம்பு வழியாகத்தான் ஈரம் உள்ளே போகும். மேலே கோடு போட்டிருக்கும், அதைத் தாண்டிப் புதைக்காதீர்கள். சென்சாரைப் படிக்க ஈஎஸ்பி32 என்ற வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை வைத்திருப்பவர்கள் 34ஆம் பின்னில் இணையுங்கள், சில பின்கள் வைஃபை ஓடும்போது அளவு தராது.

இன்று 1862 காட்டுகிறது. தராசிலும் வைத்துப் பார்க்கலாம்... 3 கிலோ 340. 860 மில்லி குறைகிறது. இருங்கள், அளவு ஜாடியை எடுத்து வருகிறேன்.