வாகனக் காப்புறுதியோடு சட்டச் செலவுக் காப்பும் வேண்டுமா?

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

பிரித்தானியாவில் காருக்கான காப்புறுதியை ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது, ‘மோட்டார் லீகல் புரொடெக்ஷன்’ என்ற சட்டச் செலவுக் காப்பும் ஒரு தெரிவாகச் சேர்ந்து வரும். அதற்குப் பெரும்பாலும் ஆண்டுக்கு 20 முதல் 40 பவுண் வரை கேட்பார்கள். ஆலோசனை நிலையமொன்றில் நம்மவர்களுக்குப் படிவங்கள் நிரப்பிக் கொடுத்துவரும் என்னிடம், இதை எடுப்பதா விடுவதா என்று கேட்காதவர்கள் குறைவு.

கேட்பவர்களில் பலர், தாம் யாரையாவது இடித்துவிட்டு அவர் வழக்குப் போட்டால், இந்தக் காப்பு இல்லாதபோது தமக்காக வாதாட ஆளிருக்காது என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையற்றது. நீங்கள் பிறருக்கு விளைவித்த சேதத்துக்கான கோரிக்கையை எதிர்கொள்வதும் அதற்குச் சட்டத்தரணியை அமர்த்துவதும் உங்கள் அடிப்படைக் காப்புறுதியிலேயே அடங்கும். கூடுதல் பணம் கொடுத்து வாங்குவது வேறொன்று: தவறு மற்றவருடையதாக இருக்கும்போது, உங்கள் காப்புறுதி ஈடுசெய்யாத இழப்புகளை அவர் தரப்பிலிருந்து மீட்பதற்கான சட்டச் செலவை அது ஏற்கிறது.

அந்த இழப்புகள் எவை என்பதை ஒரு சகோதரியிடம் நான் நேரில் கண்டேன். வீடு வீடாகச் சென்று முதியோரைப் பராமரிப்பது அவருடைய வேலை. சிவப்பு விளக்கில் நின்றிருந்த அவருடைய காரின் பின்புறத்தில் ஒரு வான் மோதியது. முழுக் காப்புறுதி இருந்ததால் கார் திருத்தப்பட்டது. ஆனால் எக்ஸஸ், அதாவது திருத்தச் செலவில் காப்புறுதி எடுத்தவரே ஏற்க வேண்டிய தொகையான 450 பவுண், அவர் கையிலிருந்தே போனது, கார் இல்லாத ஒன்பது நாள் சம்பளமும் போனது, டாக்ஸிச் செலவு தனி. வானின் இலக்கத் தகடு தெரியும் படத்தையும், சம்பளச் சீட்டுகளையும், டாக்ஸி ரசீதுகளையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். சட்டக் காப்பு இருந்ததால் மீதியைச் சட்டத்தரணி பார்த்துக்கொண்டார். எக்ஸஸ் கூடியவர்களும், கார் ஓடினால்தான் கூலி என்ற நிலையில் உள்ளவர்களும் இதை எடுக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

காயம் ஏற்பட்டால் கணக்கு இன்னும் நுட்பமானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே 31 முதல் நடந்த விபத்துகளில், காரில் இருந்த பெரியவர்களின் காயத்துக்கான நட்டஈடு 5,000 பவுணுக்கு மேற்படாவிட்டால், அது பொதுவாகக் குறைந்த தொகைகளுக்கான எளிய நடைமுறையில், அதாவது சிறு கோரிக்கையாகவே நடத்தப்படுகிறது. முன்பு அந்த எல்லை 1,000 பவுண். சிறு கோரிக்கையில் நீங்கள் வென்றாலும் உங்கள் சட்டத்தரணியின் கட்டணத்தைத் தோற்றவர் தருவதில்லை. ‘வென்றால் மட்டுமே கட்டணம்’ என்று முன்வருபவரும் தம் பங்கை உங்கள் நட்டஈட்டிலிருந்தே எடுப்பார். சட்டத்தரணி இல்லாமல் அதற்கென உள்ள இணையத்தளத்தில் தாமே கோரலாம் என்பது உண்மைதான். ஆனால் கழுத்து நோவோடு இருப்பவர், தன் வலியை ஆங்கிலத்தில் விவரித்து, மருத்துவ அறிக்கை பெற்று, எதிர்த்தரப்பு தர முன்வரும் தொகை சரிதானா என்று தனியே தீர்மானிப்பது எவ்வளவு கடினம் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்தச் சட்டக் காப்புக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. வெல்லும் வாய்ப்புப் பாதிக்கு மேல் இருப்பதாகச் சட்டத்தரணி கருதினால்தான் வழக்கு எடுக்கப்படும். சுற்றுவட்டத்தில் இரு கார்கள் உரசி, இருவரும் மற்றவரையே குற்றஞ்சொல்லி, சாட்சியும் இல்லாதபோது, ஆண்டாண்டாகப் பணம் கட்டியவருக்கும் ‘இயலாது’ என்ற கடிதம் வரலாம். அத்தகைய நேரத்தில் காரின் முன்கண்ணாடியில் பொருத்திய ஒரு கமெராவே பெரிய துணை.

தொழிற்சங்க உறுப்பினர்கள் முதலில் தங்கள் சங்கத்தைக் கேட்கட்டும். வீதி விபத்துக் காயங்களுக்கும் சட்ட உதவி தரும் சங்கங்கள் உள்ளன. வீட்டுக் காப்புறுதியிலுள்ள சட்டக் காப்பு போதுமென்று இருந்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது வாகன விபத்துகளை விலக்கிவிடும்.

பணம் கட்டுமுன் தொலைபேசியில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: சிறு கோரிக்கைக்கும் உங்கள் சட்டத்தரணி வருவாரா? ஆம் என்றால், அது காப்புறுதிப் பத்திரத்தின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டு, அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு முடிவெடுங்கள்.

நன்றி, வணக்கம்.