உப்பு தண்ணீரை இழுக்கிறதா?

எல்லாருக்கும் வணக்கம். பேசத் தொடங்கும் முன் இந்த மேசையை ஒரு தரம் பார்த்துவிடுங்கள். இரண்டு கிண்ணங்களில் தண்ணீர். ஒவ்வொன்றிலும் தோல் சீவி, அடியைத் தட்டையாக வெட்டி, நடுவே குழி குடைந்த ஓர் உருளைக்கிழங்கு. குழியில் பாதிவரை கெட்டியான சர்க்கரைக் கரைசல், அதன் மட்டம் எங்கே இருந்தது என்று காட்ட ஒரு குண்டூசி. காலையிலேயே வைத்துவிட்டேன், ஏனென்றால் இது உடனே நடக்கிற வித்தை இல்லை. ஒன்று பச்சைக் கிழங்கு, மற்றது வேகவைத்தது. எது எது என்று இப்போது சொல்லப் போவதில்லை.

சவ்வூடு பரவல் என்றால் என்ன என்று யாரைக் கேட்டாலும் "உப்பு தண்ணீரை இழுக்கும்" என்றுதான் பதில் வரும். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் இந்த "இழுக்கும்" என்ற சொல் மனதில் உட்கார்ந்துவிட்டால், தண்ணீர் ஒரு பக்கமாகவே போகிறது என்ற நினைப்பும் கூடவே உட்கார்ந்துவிடும். உண்மையில் செல்லின் சவ்வு வழியே நீர் மூலக்கூறுகள் உள்ளேயும் வெளியேயும் ஓயாமல் போய்வந்துகொண்டே இருக்கின்றன. சர்க்கரையோ உப்போ சவ்வைத் தாண்ட முடியாமல் ஒரு பக்கத்தில் மாட்டிக்கொள்ளும்போது, அந்தப் பக்கத்திலிருந்து நீர் வெளியேறும் வேகம் குறைகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது குறையவில்லை. வரவு அதிகம், செலவு கம்மி. மிச்சம் நிற்கிறதே, அந்த நிகர வரவைத்தான் நாம் சவ்வூடு பரவல் என்கிறோம்.

இதில் எந்தப் பொருள் கரைந்திருக்கிறது என்பதைவிட எத்தனை துகள் கரைந்திருக்கிறது என்பதே முக்கியம். சாப்பாட்டு உப்பு நீரில் இரண்டு அயனிகளாக, அதாவது மின்னூட்டமுள்ள துகள்களாகப் பிரிந்துவிடும், சர்க்கரை பிரியாது. அதனால் ஒரு மோல் (துகள்களை எண்ண வேதியியலில் வைத்திருக்கும் அலகு) உப்பு, கிட்டத்தட்ட இரண்டு மோல் சர்க்கரை செய்யும் வேலையைச் செய்கிறது.

இதை முதலில் கவனித்தவர் இதைத் தேடிப் போகவே இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. 1748இல் பிரான்சில் நொல்லே என்ற பாதிரியார், சாராயம் நிறைந்த ஒரு குப்பியின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டி, காற்று படாமல் இருக்கட்டும் என்று தண்ணீருக்குள் முக்கி வைத்தார். சில மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அந்தத் தோல் மேடுபோல உப்பி நிற்கிறது. ஊசியால் குத்தினார், உள்ளிருந்தது பீய்ச்சி அடித்தது. அந்த அழுத்தத்தை ஒழுங்காக அளக்க நூறு வருடத்துக்கு மேல் ஆனது. 1877இல் பெஃபர் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் நுண்துளைப் பானையின் சுவரில் செயற்கைச் சவ்வை உண்டாக்கி, கரைசலின் அடர்வு கூடினால் அழுத்தமும் கூடுகிறது என்று காட்டினார். அவருடைய எண்களை வைத்துக்கொண்டுதான் வான்ட் ஹாஃப் என்ற டச்சு வேதியியலாளர் கணக்குப் போட்டார். 1901இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு வான்ட் ஹாஃபுக்குத்தான்.

சரி, செல்லுக்கு வருவோம். நம் ரத்தச் சிவப்பணுவைச் சுத்தமான தண்ணீரில் போட்டால் நீர் உள்ளே புகுந்து, அது உப்பி வெடித்துவிடும். அதனால்தான் ரத்தக் குழாயில் வெறும் தண்ணீரை ஏற்றுவதில்லை, லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைத்த நீரை ஏற்றுகிறார்கள். அதில் சிவப்பணு உப்புவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதே அளவு துகள் எண்ணிக்கையுள்ள யூரியா கரைசலில் சிவப்பணுவைப் போட்டுப் பாருங்கள், கணக்குப்படி ஒன்றும் ஆகக் கூடாது, ஆனால் வெடித்துவிடும். யூரியா அந்தச் சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடுகிறது, அதன் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. ஆக, கரைசலை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்தச் சவ்வு, அது எதைத் தடுக்கிறது என்றும் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியைத்தான் வகுப்பில் நாம் கேட்பதே இல்லை.

தாவரச் செல் வெடிக்காது, வெளியே செல்சுவர் இருக்கிறது. நீர் உள்ளே வரவர உள்ளடக்கம் சுவரை நெருக்கும், சுவர் திருப்பி நெருக்கும், ஒரு கட்டத்தில் வரவும் செலவும் சமமாகிவிடும். கவனியுங்கள், அப்போதும் உள்ளே கரைசல் அடர்வாகத்தான் இருக்கிறது, வெளியே நீர்த்துத்தான் இருக்கிறது. இரு பக்கமும் அடர்வு சமமாகும்வரை நீர் போகும் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கலாம். அங்கே நீரை நிறுத்துவது அழுத்தம். காரின் டயருக்குள் வளிமண்டல அழுத்தத்தைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேலே காற்று அடைக்கிறோம். பல இலைச் செல்களுக்குள் ஐந்து மடங்கு, அதற்கு மேலும் உண்டு. தண்ணீர் ஊற்றாத செடி தொங்கிப் போவது இந்த விறைப்பு இறங்கிப்போவதால்தான்.

இப்போது சோதனைகள். முட்டைச் சோதனை எல்லாருக்கும் தெரியும். வினிகரில் ஓரிரு நாள் ஊறப்போட்டால் ஓடு குமிழியிட்டுக் கரைந்து, மெல்லிய தோலோடு முட்டை நிற்கும், அதைத் தண்ணீரில் போட்டால் பருக்கும், சர்க்கரைப் பாகில் போட்டால் சூம்பும். பார்க்க அழகு. ஆனால் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். வினிகரில் பெரும்பங்கு தண்ணீர், ஆகவே முட்டை அங்கேயே பருத்திருக்கும். ஓடு கரைந்த பிறகு ஒருமுறை எடை போட்டு வைத்துக்கொள்ளாமல், முதல் எடைக்கும் கடைசி எடைக்கும் வித்தியாசம் பார்த்துப் பாகில் முட்டை சுருங்கவே இல்லை என்று பிள்ளைகள் முன் விழித்தவன் நான். இன்னொன்று, அந்தத் தோல் செல் சவ்வு கிடையாது. அது புரத இழைகளால் ஆன படலம். மாதிரிக்குச் சரி, அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

உருளைக்கிழங்கைக் குச்சி குச்சியாக ஒரே அளவில் வெட்டி, வெறும் நீர் முதல் ஒரு மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்) சர்க்கரைக் கரைசல்வரை ஐந்தாறு குழாய்களில் போட்டு எடை மாற்றத்தைச் சதவீதமாக வரைபடம் போடுவது இன்னும் நல்லது. கோடு பூஜ்யத்தை எங்கே வெட்டுகிறதோ அந்த அடர்வில் கிழங்குக்கு வரவும் செலவும் சமம். எடை போடும் முன் ஒற்றுத்தாளில் எல்லாக் குச்சியையும் ஒரே மாதிரி ஒற்றுங்கள், இல்லாவிட்டால் வரைபடம் எலி கடித்த மாதிரி வரும்.

நுண்ணோக்கி இருந்தால் சிவப்பு வெங்காயத்தின் தோலை விட்டுவிடாதீர்கள். உப்புக் கரைசல் இரண்டு சொட்டு விட்டதும் ஊதா நிற உள்ளடக்கம் சுவரைவிட்டு விலகிச் சுருங்கும். அப்போது பிள்ளைகளிடம் கேளுங்கள், சுவருக்கும் சவ்வுக்கும் நடுவே அந்த இடைவெளியில் இப்போது என்ன இருக்கிறது? பாதிப் பேர் காற்று என்பார்கள், சிலர் ஒன்றுமில்லை என்பார்கள். உப்புக் கரைசல்தான் இருக்கிறது. செல்சுவர் எதையும் தடுக்கவில்லை, தடுப்பது சவ்வு. அந்த ஒரு பதில் கிடைத்தால் அன்றைய வகுப்பு தேறிவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நோபல் பரிசு வாங்கிய சோதனையும் இதே ஜாதிதான். 1990களின் தொடக்கத்தில் பீட்டர் ஏகர் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழுவிடம் சிவப்பணுச் சவ்வில் கிடைத்த ஒரு புரதம் இருந்தது, அது என்ன செய்கிறது என்று தெரியவில்லை. அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் ஆர்.என்.ஏவை ஒரு தவளை முட்டைச் செல்லுக்குள் செலுத்தினார்கள். சாதாரணத் தவளை முட்டைச் செல்லுக்கு நீர்த்த கரைசலில் போட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது, நீர் அவ்வளவு மெதுவாகத்தான் அதற்குள் நுழையும். இந்தச் செல்லோ சில நிமிடங்களில் உப்பி வெடித்தது. அக்வாபோரின் என்ற நீர்க்குழாயைக் கண்டுபிடித்தது அப்படித்தான். அந்த ஒரு குழாய் வழியே நொடிக்கு சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் போகின்றன. ஏகருக்கு 2003இல் பரிசு. ஆர்.என்.ஏ செலுத்தாத செல்லையும் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தார்கள் பாருங்கள், அதனால்தான் அது கண்டுபிடிப்பு ஆனது, இல்லையென்றால் ஒரு முட்டை வெடித்தது என்பதோடு போயிருக்கும்.

அதற்காகத்தான் வேகவைத்த கிழங்கையும் கொண்டுவந்தேன். பச்சைக் கிழங்கில் மட்டம் ஏறியது என்று மட்டும் காட்டினால், "தண்ணீர் சும்மா ஊறி மேலே வந்திருக்கும், பஞ்சில் ஏறவில்லையா?" என்று பின்வரிசையில் ஒரு பிள்ளை கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. வேகவைத்ததும் அதே மாதிரிக் கிழங்குதான், குழியில் அதே சர்க்கரை. சூட்டில் சவ்வு சிதைந்துவிட்டது, அதுதான் இங்கே முக்கியமான வித்தியாசம். அதில் தண்ணீரும் சர்க்கரையும் தடையில்லாமல் போய்வரும்.

முன்வரிசையிலிருந்து இரண்டு பேர் வாருங்கள். மேசையை ஆட்டாமல் குனிந்து, குண்டூசிக்கு நேராகக் கண்ணை வைத்துப் பாருங்கள். இடதுபக்கக் கிண்ணத்தில் மட்டம் எங்கே இருக்கிறது? ஊசிக்கு மேலேயா? எவ்வளவு, ஒரு விரற்கடை இருக்குமா? சரி. வலதுபக்கம்? ஏறவில்லை. அப்படியென்றால் எது வெந்த கிழங்கு என்று நீங்களே சொல்லிவிட்டுப் போய் உட்காருங்கள்.