மேசையைப் பிடித்துத்தான் எழுந்தார்

குடியாத்தத்தில் பீடி சுற்றும் குடும்பங்கள் முன் பேசியது

தாய்மார்களே, அண்ணன் தம்பிகளே, வணக்கம். சிலர் மடியில் முறத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். கை பாட்டுக்கு இலையைச் சுருட்டட்டும், காதை மட்டும் இங்கே கொடுங்கள்.

எங்கள் சித்தப்பா பேரணாம்பட்டில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை ஆரம்பித்தாச்சு, ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்று நாங்களும் நிம்மதியாக இருந்தோம். மூன்றாவது வாரம் போய்விட்டார். மாத்திரை வாங்கிய அன்று மேசையைப் பிடித்துத்தான் நாற்காலியிலிருந்து எழுந்தார். அந்த அறையில் யாருக்கும் அது உறைக்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் உறைக்கவில்லை.

சிகிச்சையில் இருக்கும்போதே இறக்கும் காசநோயாளிகளில் பெரும்பாலோர் முதல் இரண்டு மாதத்துக்குள் இறக்கிறார்கள். மருந்து கிருமியைக் கொல்லும், ஆனால் அதுவரை உடம்பு தாங்க வேண்டுமே! எலும்புருக்கி என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

2022 ஏப்ரலில் தமிழக அரசு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' இந்த இடத்தில்தான் கை வைத்தது. நோய் உறுதியானதுமே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எல்லாம் பார்க்கிறார்கள். விரலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கிறார்கள். அப்புறம், பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். நிற்க முடியவில்லையா, நிமிடத்துக்கு மூச்சு 24-ஐத் தாண்டுகிறதா, ஆக்ஸிஜன் 94-க்குக் கீழா, ஏதாவது ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் சேர்க்க வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் 35 கிலோதான் என்றால் அவரையும் சேர்க்க வேண்டும். இதற்கு எக்ஸ்ரே வேண்டாம், பெரிய டாக்டர் வேண்டாம். சித்தப்பா காலத்தில் இது இருந்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

"சேர்த்தால் கூட யார் இருப்பது?" என்று முன்வரிசை அக்கா கேட்கிறார். நியாயமான கேள்வி. சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்ததை 2024 நவம்பர் முதல் 1000 ஆக்கியிருக்கிறார்கள். அது நோயாளியின் சாப்பாட்டுக்கு. துணைக்கு இருப்பவர் அன்றைக்கு பீடி சுற்ற முடியாது, சுற்றாவிட்டால் கூலி இல்லை. அந்தக் கூலிக்கும் அரசு வழி செய்ய வேண்டும், விடாமல் கேட்போம்.

அதுவரை உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தெருவில் யாராவது டிபி மாத்திரை ஆரம்பித்தால் பக்கத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 24-ஐத் தாண்டினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, அன்றைக்கே அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுங்கள்.