18ஆம் நம்பர் என்றால் மோசமா?

வணக்கம் நேயர்களே. சென்னையில் கதிர்வீச்சு சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர் நான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள், என்னிடம் ஒரு பையன் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

அவருடைய அம்மா வியாசர்பாடிக்காரர். மாதவிலக்கு நின்று நாலு வருஷம் கழித்து மறுபடி ரத்தம் பட்டிருக்கிறது, உடம்புச் சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தே ஆறு மாதம் ஓட்டிவிட்டார். மகன் ரிப்போர்ட்டை நீட்டி, "டாக்டர், 18ஆம் நம்பர் வைரஸ்னு போட்டிருக்கு, 16ன்னா பரவாயில்லையாம், 18ன்னா மோசமாம், போன்ல பார்த்தேன்" என்றார். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அவர் படித்ததில் பாதி உண்மை. இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸின் பெயர் எச்.பி.வி., அது ஒரே வைரஸ் இல்லை, 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, அதில் சுமார் 14 வகைகள்தான் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகக்கூடியவை. உலகில் வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு 16, 18 என்ற இரண்டுமே காரணம். 18க்கு ஒரு குணம் உண்டு: கர்ப்பப்பை வாயின் உட்பக்கக் குழாயில் இருக்கும் சுரப்பி செல்களில் அது அதிகம் வேலை காட்டும், பாப் ஸ்மியர், அதாவது கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் சோதனை, எடுக்கும்போது அந்த இடம் எளிதில் சிக்காது, அதனால் கண்டுபிடிக்கத் தாமதமாகிவிடும். கதிர்வீச்சுக்கு 16ஐவிட 18 சற்று குறைவாகவே மசிகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன, எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லவில்லை. சரி, வைரஸே இல்லை என்று வந்தால் நிம்மதியா? அதுவும் இல்லை. எச்.பி.வி. தென்படாத கட்டிகள்தான் பல நேரம் இன்னும் பிடிவாதமானவை.

ஆனால் அந்தப் பையனிடம் நான் சொன்னது இதுதான். அம்மா பிழைப்பாரா என்பதில் நம்பரைவிட, நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம், 16 என்றாலும் 18 என்றாலும் இன்றைக்குக் கொடுக்கும் சிகிச்சை ஒன்றுதான். வாரத்தில் ஐந்து நாள் வெளியிலிருந்து கதிர்வீச்சு, நம் ஜனங்கள் 'கரண்ட் வைப்பது' என்பார்களே அது, கூடவே வாரம் ஒரு முறை கீமோ, கடைசியில் கர்ப்பப்பைக்குள்ளேயே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. இதெல்லாம் 8 வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும். நாலாவது வாரத்தில் ரத்தம் நின்றுவிடும், நாற்றம் போய்விடும், உடனே பேத்திக்குக் காதுகுத்து, ஊரில் ஆடித் திருவிழா என்று கிளம்பிவிடுகிறார்கள், பத்து நாள் கழித்து வந்து நிற்பார்கள். அந்தப் பத்து நாளில் மிச்சமிருக்கும் செல்கள் மறுபடி பெருகத் தொடங்கிவிடும். இந்த இடத்தில்தான் எனக்கு மனசு வலிக்கும், குணமாகியிருக்க வேண்டியவர்களைக் கையை விட்டு இழந்திருக்கிறோம்.

இன்னொன்று. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் சந்தேகப்படுவதைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். உடலுறவால் பரவும் வைரஸ்தான், ஆனால் பெரும்பாலானவர்களை வாழ்க்கையில் ஒரு முறையாவது தொட்டுவிட்டுப் போகும், பலருக்கு இரண்டு வருஷத்துக்குள் தானாகவே மறைந்துவிடும். எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

நம்பர் உண்மையிலேயே பயன்படுவது புற்றுநோய் வருவதற்கு முன்னால். 30 வயதைத் தாண்டிய பெண்கள் எச்.பி.வி. பரிசோதனை செய்துகொண்டு 16 அல்லது 18 என்று வந்தால், நேராகக் கால்போஸ்கோபி, அதாவது கர்ப்பப்பை வாயைக் கருவியால் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை, செய்து பார்த்துவிடுவோம், மற்ற வகை என்றால் வழக்கமாக இன்னொரு சோதனை செய்துவிட்டுத்தான் முடிவு. வைரஸ் தொற்றுவதிலிருந்து புற்றுநோய் வரை பெரும்பாலும் 10, 15 வருஷம் ஆகும், அவ்வளவு அவகாசம் தரும் புற்றுநோய் வேறு அதிகம் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையைச் செய்தே, இந்த நோயால் வரும் சாவை 35 சதவீதம் குறைத்துக் காட்டினார்கள், 2007இல் அந்த ஆய்வு வெளியானது. 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டால் 16, 18 இரண்டையுமே வாசலிலேயே நிறுத்தலாம், நம் நாட்டிலேயே தயாராகும் ஊசியும் இப்போது கிடைக்கிறது.

அந்த அம்மா ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தார், மகன் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்து, ஏழு வாரம் மூன்று நாளில் சிகிச்சை முடிந்தது. கடைசி நாள் கூட வந்த மகளுக்கு 32 வயது, அன்றைக்கே அவருக்கும் பரிசோதனை எடுத்து அனுப்பினோம்.